வீட்டுக் கணினியில் பிரவுசரின் தற்காலிகக் கோப்புகள்: எதை அழிப்பது, எதைத் தொடாமல் விடுவது

கணினி "இழுக்குது" என்று சொன்னவுடன் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லும் முதல் வைத்தியம், "பிரவுசரில எல்லாத்தையும் கிளியர் பண்ணி விடுங்கோ" என்பதுதான். சிலர் இதை ஒவ்வொரு நாளும் இரவு கணினியை நிறுத்தமுன் செய்கிறார்கள். வன்னியில் பல வீடுகளுக்கு இணையம் வருவது 4ஜி ரவுட்டரில், அல்லது கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில். அது மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று காசு கட்டி வாங்கிய டேட்டா. அதில் ஏற்கெனவே இறக்கி வைத்ததை இரவில் அழித்துவிட்டு, காலையில் திரும்பவும் காசு கொடுத்து இறக்குவதுதான் இந்தப் பழக்கத்தால் நடக்கிறது. அழிக்க வேண்டிய நேரங்களும் உண்டு. ஆனால் என்ன கோளாறு என்று பார்த்து, அதற்குரியதை மட்டும் அழிக்க வேண்டும்.

உள்ளே இருப்பது ஒரே சாமான் அல்ல

"கிளியர்" பெட்டியில் வரும் டிக் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருள். இது விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

கேஷ் என்பது பக்கங்களின் பிரதி. ஒரு தளத்தைத் திறந்தால் அதன் படங்கள், எழுத்துரு, பக்கத்தை இயக்கும் நிரல்கள் எல்லாம் இறங்கி, ஹார்ட்டிஸ்க்கில் ஒரு பிரதி தங்கும். அடுத்த தடவை பிரவுசர் முதலில் அந்தப் பிரதியைப் பார்க்கும். தளம் குறித்துக் கொடுத்த காலக்கெடு தாண்டாவிட்டால் இணையத்தைத் தொடாமலே அதைக் காட்டும். தாண்டியிருந்தால், "என்னிடம் இருப்பது மாறிவிட்டதா" என்று சேர்வரிடம், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினியிடம், கேட்கும். மாறவில்லை என்றால் சேர்வர் 304 என்ற இலக்கத்தோடு ஒரு சின்னப் பதிலை மட்டும் அனுப்பும். கோப்பு திரும்ப இறங்காது. சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு மட்டும் இருக்கிற இடங்களில் ஒரு பக்கம் சட்டென்று திறப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குக்கீ என்பது சில எழுத்துகள் கொண்ட சின்னத் துண்டு. "இவர் ஏற்கெனவே லொகின் பண்ணினவர்" என்பதைத் தளம் அதை வைத்துத்தான் அறிகிறது. குக்கீயோடு ஒரே டிக்கில் சேர்ந்து வருவது சைட் டேட்டா, அதாவது தளமே தன் பாவனைக்கென்று கணினியில் வைத்திருக்கும் தரவு. வட்ஸ்அப் வெப் உங்கள் உரையாடல்களை வைத்திருப்பது இங்கேதான். இந்த டிக்கைப் போட்டு அழித்தால் மின்னஞ்சல், முகநூல், வட்ஸ்அப் வெப் என்று லொகின் பண்ணிய இடங்கள் எல்லாம் உங்களை வெளியே விட்டுவிடும்.

ஹிஸ்டரி நீங்கள் போன தளங்களின் பட்டியல், அவ்வளவுதான். அது பிடிக்கும் இடம் மிகச் சிறியது. அதை அழித்தால் கணினி வேகமாகும் என்பது வீண் நம்பிக்கை.

மிச்சம் இரண்டு: சேமித்த கடவுச்சொற்கள், படிவங்களைத் தானாக நிரப்பும் தகவல்கள். இவை தற்காலிகக் கோப்புகளே அல்ல. "அட்வான்ஸ்ட்" பக்கத்தில் இவற்றின் டிக் பெட்டிகள் கேஷுக்குக் கீழேயே வரிசையாக நிற்பதால்தான் கை தவறி அழிபடுகின்றன.

நாளும் அழித்தால் என்ன செலவு

ஒரு செய்தித்தளத்தின் முகப்பு முதல் தடவை திறக்க 3 எம்பி எடுக்கிறது என்று வைப்போம். மறுநாள் அதில் மாறியிருப்பது தலைப்புகளும் சில படங்களும். கேஷ் இருந்தால் 1 எம்பியோடு காரியம் முடியும். அழித்திருந்தால் 3 எம்பியும் திரும்ப இறங்க வேண்டும். நாளுக்கு 10 தளங்கள் பார்க்கும் ஒருவருக்கு 20 எம்பி வீண், மாதத்துக்கு 600 எம்பி. ஒரே கணினியை மூன்று பேர் இப்படிப் பாவித்தால் கிட்டத்தட்ட 1.8 ஜிபி. ஒன்லைன் வகுப்புக்கு டேட்டா போதவில்லை என்று மாதக் கடைசியில் அந்தரப்படும் வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல.

யூடியூப் போன்ற காணொளிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரே பாடத்தை இரண்டாம் தடவை பார்த்தால் பெரும்பாலும் டேட்டா திரும்பச் செலவாகும், கேஷை நம்ப முடியாது. அங்கே தரத்தை 360பி அல்லது 480பி ஆகக் குறைப்பதுதான் வழி.

"அழிக்காவிட்டால் கேஷ் பெருத்து டிஸ்க்கை நிரப்பிவிடுமே" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நிரப்பாது. குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் மூன்றும் கேஷுக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்கின்றன. குளம் நிரம்பினால் வான் பாய்வது போல, எல்லையைத் தொட்டதும் நெடுநாள் தொடாத கோப்புகள் தாமாகவே கழிந்து போகும். சாதாரண வீட்டுப் பாவனையில் சில நூறு எம்பி முதல் 1 ஜிபியைச் சுற்றி நிற்கும். 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்கில் அது ஒரு கணக்கே இல்லை.

எப்போது அழிக்க வேண்டும்

பக்கம் பழையதைக் காட்டினால், அல்லது எழுத்துகளும் படங்களும் குலைந்து தெரிந்தால். அப்போதும் நேரே அழிப்புக்குப் போகாதீர்கள். அந்தப் பக்கத்தில் நின்றபடி கொன்ட்ரோல் கட்டையை அழுத்திக்கொண்டு எப் 5 ஐத் தட்டுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேஷைப் பார்க்காமல் புதிதாக இறக்கும்; மற்றத் தளங்களின் பிரதிகளுக்கு ஒன்றும் ஆகாது. பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் இதோடு தீரும்.

பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் இதைக் கவனமாகப் பாவியுங்கள். சாதாரண தரமோ உயர்தரமோ பெறுபேறு வெளியானவுடன் நாடு முழுக்க ஒரே நேரத்தில் பரீட்சைத் திணைக்களத் தளத்தைத் திறக்கிறது. பக்கம் திறக்காதது சேர்வரின் நெரிசலால். உங்கள் கணினியில் எதை அழித்தாலும் அது தீராது. கொன்ட்ரோல், எப் 5 ஐத் திரும்பத் திரும்பத் தட்டினால் ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கமும் புதிதாக இறங்க வேண்டியிருப்பதால் இன்னும் தாமதமாகும். சாதாரணமாக எப் 5 ஐ மட்டும் சில நிமிட இடைவெளி விட்டுத் தட்டுவது நல்லது. பெறுபேறு வெளியாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தும் நேற்றைய பக்கமே நிற்கிறது என்றால்தான் கொன்ட்ரோலோடு ஒரு தடவை.

லொகின் பண்ணினால் திரும்ப லொகின் பக்கத்துக்கே கொண்டு வந்து விடுகிறது, அல்லது "டூ மெனி ரீடைரெக்ட்ஸ்" என்று வருகிறது, அல்லது 400 என்ற இலக்கத்தோடு குக்கீ பெரிது என்று முறைப்பாடு வருகிறது: இவை பெரும்பாலும் குக்கீக் கோளாறுகள். கேஷை அழித்துப் பயனில்லை. அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிக்க வேண்டும். முறை கீழே இருக்கிறது.

டிஸ்க்கில் இடம் இறுகினாலும் அழிக்கலாம். 120 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான டிஸ்க்) உள்ள கணினியில் சி டிரைவில் 2, 3 ஜிபிதான் மிச்சம் என்றால் அந்த ஒரு ஜிபியும் பெறுமதிதான்.

கணினியை விற்கும்போதும், திருத்தக் கொடுக்கும்போதும் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

அழித்தும் தீராதவை

"யுவர் கனெக்ஷன் இஸ் நொட் பிரைவேட்" என்று எல்லாத் தளங்களிலும் ஒரேயடியாக வந்தால், முதலில் திரையின் வலது கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்களில் மதர்போர்ட்டில் உள்ள நாணயம் போன்ற சிறிய பற்றரி செத்துப்போனால், கரண்ட் போகும்போதும் சுவரில் சுவிட்சை நிறுத்தும்போதும் கணினி நேரத்தை மறந்துவிடும். திரும்பப் போட்டதும் பத்துப் பதினைந்து வருடம் பின்னே நிற்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. கணினியின் திகதி அதற்கு வெளியே நின்றால் பிரவுசர் கதவைத் திறக்காது. கேஷை ஆயிரம் தடவை அழித்தாலும் இது மாறாது. திகதியைச் சரிசெய்து, நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர, +5.30 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த நாளும் பின்னே போனால் பற்றரியை மாற்றுங்கள். பெரும்பாலான போர்ட்களில் இருப்பது சிஆர் 2032, 3 வோல்ற். கணினிக் கடையிலும் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்ற வேண்டும்.

4 ஜிபி ரம் உள்ள கணினியில் இருபது டப் திறந்திருந்தால் கணினி இழுப்பது ரம் போதாமையால். டப்களை மூடுங்கள். நிறுத்தித் திரும்பப் போட்டவுடன் வேகமாக ஓடி, அரை மணிக்குப் பிறகு சூடேறி இழுக்கிறது என்றால் விசிறியில் கிரவல் றோட்டுத் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பிரவுசரைக் குறை சொல்வதை விடப் பலன் தரும்.

அழிக்கமுன் இதைப் பார்க்காமல் இருக்க வேண்டாம்

கேஷ் டிக்கை மட்டும் போடுவதாக இருந்தால் இந்தப் பகுதி தேவையில்லை. குக்கீ டிக்கைத் தொடுவதாக இருந்தால் ஒவ்வொரு வரியும் தேவை.

இங்கே பல பேரின் ஜிமெயில் கணக்கை முதலில் திறந்து கொடுத்தது கொமினிக்கேசன் கடையில் இருந்தவரோ, இப்போது வெளிநாடு போய்விட்ட தம்பியோ, பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையோ. கடவுச்சொல் என்ன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கணக்கு வேலை செய்வது அந்தப் பிரவுசரில் உள்ள ஒரு குக்கீயின் தயவால் மட்டும். அந்தக் குக்கீ அழிந்தால் லொகின் கேட்கும். "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் ஓடிபி இலக்கம் எப்போதோ தொலைந்த பழைய சிம்முக்குப் போகும். அதன்பின் அந்தக் கணக்கை மீட்பது மிகக் கடினம். வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக விண்ணப்பம், கடவுச்சீட்டு விண்ணப்பம் எல்லாம் அந்த மின்னஞ்சலில் தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே குக்கீயை அழிக்கமுன்:

1. பாவிக்கும் ஒவ்வொரு கணக்கின் கடவுச்சொல்லும் யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் குரோம் சேமித்து வைத்திருக்கிறதா என்று, செட்டிங்ஸில் "கூகுள் பாஸ்வேர்ட் மனேஜர்" பகுதியில் பாருங்கள். கண் அடையாளத்தை அழுத்தினால் காட்டும். ஒரு கொப்பியில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.
2. இன்னும் லொகின் பண்ணிய நிலையில் இருக்கும்போதே கூகுள் கணக்கின் "செக்யூரிட்டி" பக்கத்துக்குப் போய், மீட்பு இலக்கமும் மீட்பு மின்னஞ்சலும் இப்போது கையில் உள்ளவையா என்று பாருங்கள். இல்லை என்றால் மாற்றுங்கள். மாற்றுவதற்குப் பழைய கடவுச்சொல் கேட்கலாம்; அதனால்தான் முதலாம் படி முதலில் வருகிறது.
3. வீட்டில் யாராவது நீண்ட ஒன்லைன் படிவம் ஒன்றைப் பாதி நிரப்பி விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். குக்கீ போனால் அந்தப் பாதியும் போகலாம்.
4. குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் (கணினியிலும் கைபேசியிலும் ஒரே தரவை வைக்கும் வசதி) போட்டிருந்தால், கணினியில் அழிக்கும் ஹிஸ்டரியும் கடவுச்சொற்களும் அதே கணக்குள்ள கைபேசியிலும் அழிபடும். கேஷ் அப்படி அல்ல, இந்தக் கணினியோடு முடியும்.

குரோமில் கேஷை மட்டும் அழிக்க

கொன்ட்ரோல், ஷிப்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். "டிலீட் பிரவுசிங் டேட்டா" என்ற பெட்டி வரும். பழைய பதிப்பில் "கிளியர் பிரவுசிங் டேட்டா" என்று இருக்கும். மேலே உள்ள காலப்பகுதியை முதலில் பாருங்கள்: கடைசி ஒரு மணித்தியாலம், 24 மணித்தியாலம், 7 நாள், 4 கிழமை, "ஓல் டைம்". நேற்று வரை சரியாக இருந்த தளம் இன்று குழம்பியது என்றால் 24 மணித்தியாலம் போதும். இடம் தேவை என்றால் மட்டும் "ஓல் டைம்".

பிறகு எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டு, "கேஷ்ட் இமேஜஸ் அன்ட் பைல்ஸ்" என்பதில் மட்டும் டிக் போடுங்கள். அதன் கீழே எத்தனை எம்பி விடுபடும் என்றும் எழுதியிருக்கும். 200 எம்பி என்று காட்டினால், டிஸ்க் நிரம்பியதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். "டிலீட் டேட்டா" பட்டனை அழுத்தியபின் காத்திருங்கள். எஸ்எஸ்டியில் சில விநாடி. பழைய ஹார்ட்டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அழிக்க நிமிடக் கணக்கில் எடுக்கலாம். அந்த நேரம் "தொங்கிவிட்டது" என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால், அழிப்பை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அழித்த கையோடு வழக்கமாகப் போகும் தளங்களை ஒரு தடவை திறந்து விட்டால் கேஷ் இரவு டேட்டாவில் நிரம்பிக்கொள்ளும். பகல் டேட்டா மிஞ்சும்.

ஒரு தளத்தை மட்டும் துப்புரவாக்க

எல்லாவற்றையும் விட அதிகம் உதவுவது இந்த முறைதான், ஆனால் குறைவாகத் தெரிந்ததும் இதுதான். குழப்பம் தரும் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்ன அடையாளத்தை அழுத்துங்கள். 2023 செப்டம்பருக்கு முந்திய குரோமில் அது பூட்டு. பிறகு வந்தவற்றில் இரண்டு கோடுகளில் குமிழ் நிற்பது போல இருக்கும். அதில் "குக்கீஸ் அன்ட் சைட் டேட்டா", அதற்குள் "மனேஜ் ஒன்-டிவைஸ் சைட் டேட்டா". அந்தத் தளத்தின் பெயருக்கு நேரே உள்ள குப்பைத்தொட்டி அடையாளத்தை அழுத்தி, "டன்" கொடுத்து, பக்கத்தைத் திரும்ப ஏற்றுங்கள். அந்தத் தளத்தில் மட்டும் லொகின் கேட்கும்.

சில தளங்கள் தங்கள் பக்கங்களைச் சாதாரணக் கேஷில் அல்லாமல் சைட் டேட்டாவுக்குள்ளே பதுக்கி வைக்கின்றன, இணைப்பு இல்லாதபோதும் திறக்க வேண்டும் என்பதற்காக. கொன்ட்ரோல், எப் 5 தட்டியும், கேஷை அழித்தும் பழைய பக்கமே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். மேலே சொன்ன தனித்தள அழிப்பு அதையும் எடுத்துவிடும்.

எந்தத் தளம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்க: செட்டிங்ஸ், "பிரைவசி அன்ட் செக்யூரிட்டி", "சைட் செட்டிங்ஸ்", அதில் "வியூ பேர்மிஷன்ஸ் அன்ட் டேட்டா ஸ்டோர்ட் அக்ரொஸ் சைட்ஸ்". வரிசைப்படுத்தும் இடத்தில் "டேட்டா ஸ்டோர்ட்" என்று மாற்றினால் பெரியது மேலே வரும். எப்போதோ ஒரு நாள் போன விளையாட்டுத் தளம் நூற்றுக்கணக்கான எம்பியோடு குந்தியிருப்பது இங்கேதான் தெரியும்.

பயர்பொக்ஸ், எட்ஜ்

பயர்பொக்ஸிலும் அதே மூன்று கட்டைகள்தான். செட்டிங்ஸ் வழியாகப் போனால் "பிரைவசி அன்ட் செக்யூரிட்டி", அதில் "குக்கீஸ் அன்ட் சைட் டேட்டா", "கிளியர் டேட்டா". குக்கீ எத்தனை எம்பி, தற்காலிகக் கோப்பு எத்தனை எம்பி என்று தனித்தனியே காட்டும். "மனேஜ் டேட்டா" என்பதில் தளம் தளமாகப் பார்த்து நீக்கலாம். ஒரு தளத்தில் நின்றபடி என்றால் பூட்டு அடையாளம், "கிளியர் குக்கீஸ் அன்ட் சைட் டேட்டா".

எட்ஜில் "பிரைவசி, சேர்ச் அன்ட் சேர்விசஸ்" பகுதியில் "சூஸ் வட் டு கிளியர்". அதனருகே, பிரவுசரை மூடும் ஒவ்வொரு தடவையும் எதை அழிப்பது என்று தெரிவு செய்யும் பகுதியும் உண்டு. அங்கே கேஷ் இயங்கு நிலையில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். யாரோ ஒருவர் நல்லதென்று நினைத்துப் போட்டுவிட்ட அந்த ஒரு சுவிட்ச் மாதக்கணக்கில் டேட்டாவைத் தின்றுகொண்டிருக்கும்.

மெனுச் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் "கேஷ்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் இடத்தைக் காட்டும்.

ஒரு கணினி, பல பேர்

பலர் பாவிக்கும் வீட்டில் மற்றவர் பார்த்துவிடுவாரே என்றுதான் தினமும் அழிப்பவர்கள் அநேகம். அதற்கு அழிப்பு தேவையில்லை. வின்டோஸில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் போட்டுக் கொடுங்கள். பிரவுசரின் கேஷும் குக்கீயும் அவரவர் கணக்குக்குள் தனியாக இருக்கும். குரோமிலேயே தனித்தனி புரொபைல் வைக்கவும் முடியும். ஆனால் அதற்குப் பூட்டு இல்லை, யாரும் மாறிப் போகலாம். பிள்ளைகளின் பாடத் தளங்களையும் பெரியவர்களின் தளங்களையும் பிரித்து வைக்க அது போதும், வங்கிக் கணக்குக்குப் போதாது. வீட்டை விட்டுப் போனவரின் புரொபைல் சும்மா கிடந்தால் அதன் கேஷும் சும்மா கிடக்கும். கடவுச்சொல் விடயத்தைப் பார்த்த பிறகு நீக்கிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்ப வந்தால், குரோமின் வலது மேல் மூலையில் உள்ள புரொபைல் படத்தை அழுத்தி "கெஸ்ட்" சாளரம் திறந்து கொடுங்கள். மூடியதும் அதில் உள்ள கேஷ், குக்கீ, ஹிஸ்டரி எல்லாம் போய்விடும். இறக்கிய கோப்பு மட்டும் போகாது. அடையாள அட்டை இலக்கத்தோடு அந்தப் பிள்ளையின் பிடிஎப் உங்கள் "டவுன்லோட்ஸ்" கோப்புறையில் கிடக்கும். பென் டிரைவில் கொடுத்துவிட்டு உடனே அழியுங்கள். ஹிஸ்டரி பதியாத "இன்கொக்னிட்டோ" சாளரத்திலும் இதே கதைதான்.

வங்கித் தளத்தில் வேலை முடிந்தால் ஜன்னலை மூடுவதோடு நிற்காமல் "லொக் அவுட்" பட்டனை அழுத்துங்கள். குரோமில் தொடங்கும்போது "கன்டினியூ வெயர் யூ லெப்ட் ஓவ்" என்று போட்டிருந்தால், மூடும்போது போக வேண்டிய தற்காலிகக் குக்கீகளும் போகாமல் தங்கும். அடுத்தவர் திறக்கும்போது உங்கள் கணக்கு உள்ளே நிற்கக்கூடும். வங்கிகள் சில நிமிடத்தில் தாமே வெளியேற்றுவது உண்மை. மின்னஞ்சலும் முகநூலும் அப்படி வெளியேற்றுவதில்லை.

டிஸ்க் நிரம்பியது கேஷால் அல்ல என்றால்

"டவுன்லோட்ஸ்" கோப்புறையை அளவின்படி வரிசைப்படுத்துங்கள். இணைப்பு அறுந்து பாதியில் நின்ற இறக்கங்கள் குரோமில் "சிஆர்டவுன்லோட்" என்ற வாலோடும், பயர்பொக்ஸில் "பார்ட்" என்ற வாலோடும் கிடக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கலாம். "டவுன்லோட் ஹிஸ்டரி"யை அழித்தால் பட்டியல்தான் போகும், இந்தக் கோப்புகள் போகா. தற்போது எதுவும் இறங்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கையால் அழியுங்கள்.

அடுத்தது வின்டோஸின் செட்டிங்ஸ், "சிஸ்டம்", "ஸ்டோரேஜ்", "டெம்பரரி பைல்ஸ்". இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது: அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்றும் ஒரு பெட்டி வரும். அதில் டிக் போட்டால் நீங்கள் இறக்கி வைத்த பாடக் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், பிடிஎப்கள் அனைத்தும் போகும். அந்தப் பெட்டியை வெறுமையாகவே விடுங்கள். பட்டியலில் வரும் "டெம்பரரி இன்டர்நெட் பைல்ஸ்" என்பது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்துச் சாமான். அதை அழித்தால் குரோம், பயர்பொக்ஸ் கேஷ் அழிபடாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15 உடன் நிறுத்திவிட்டது.

"ஒரே கிளிக்கில் சுத்தம்" என்று வரும் இலவசத் துப்புரவு மென்பொருட்களைப் போட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். பல இடங்களில் குக்கீ டிக் ஏற்கெனவே போட்டபடி வரும். மேலே சொன்ன ஜிமெயில் ஆபத்து ஒரே கிளிக்கில் நடந்துவிடும். 2017இல் சீகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, அதன் சொந்தத் தளத்திலிருந்தே தீநிரலோடு விநியோகமானது. வின்டோஸும் பிரவுசரும் தருகிற வழிகளே வீட்டுக்குப் போதும்.

பழைய வின்டோஸ்

வின்டோஸ் 7 உள்ள கணினியில் குரோமின் கடைசிப் பதிப்பு 109. அதன்பின் வந்தவை ஏறாது. புதிய தளங்கள் அதில் குலைந்து தெரிந்தால் அது கேஷ் கோளாறாக இல்லாமல் பிரவுசர் பழசானதால் வந்ததாக இருக்கலாம். அந்தக் கணினிகளுக்குப் பயர்பொக்ஸின் 115 ஈஎஸ்ஆர் பதிப்பு ஓரளவு கைகொடுக்கும். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழைய கணினியில் வங்கி வேலையைச் செய்யாமல் கைபேசிச் செயலியில் செய்வது பாதுகாப்பு.

திருத்தக் கொடுக்கும்போது, விற்கும்போது

திருத்தக் கொடுக்கமுன் குக்கீயை "ஓல் டைம்" போட்டு அழிக்கலாம், ஆனால் மேலே சொன்ன நாலு விடயத்தையும் பார்த்த பிறகு. கணினி திறக்கவே இல்லை என்றால் கைபேசியில் கூகுள் கணக்குக்குள் போய், "யுவர் டிவைசஸ்" பகுதியில் அந்தக் கணினியைத் தெரிவு செய்து "சைன் அவுட்" கொடுங்கள். வட்ஸ்அப்பில் "லிங்க்ட் டிவைசஸ்" என்பதிலும் அதையே செய்யுங்கள்.

விற்பதானால் பிரவுசரில் அழிப்பது போதாது. ஹார்ட்டிஸ்க்கில் அழித்த கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அதை மீட்டெடுக்க முடியும். வின்டோஸின் "ரீசெட் திஸ் பீசி" போய், "ரிமூவ் எவ்ரிதிங்" தெரிவு செய்து, மேலதிகத் தெரிவுகளில் "கிளீன் டேட்டா" என்பதை இயங்கு நிலைக்கு மாற்றுங்கள். அப்போதுதான் டிஸ்க்கின் மேல் திரும்ப எழுதும். 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்கில் இதற்குப் பல மணித்தியாலம் பிடிக்கும். இடையில் கரண்ட் போனால் வின்டோஸே திறக்காமல் போகலாம். ஆகவே மின்தடை அறிவித்தல் இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே தொடங்குங்கள். லாப்டொப் என்றால் பற்றரியை முழுக்க ஏற்றி, சார்ஜரைக் கழற்றாமல் விடுங்கள்.